கூப்பே வண்டி: வாங்குவதும் வைத்திருப்பதும்

ரயிலில் முதல் வகுப்பில் பயணம் செய்திருக்கும் அன்பர்கள் 'கூப்பே' என்னும் சொல்லை அறிவார்கள். நால்வர் படுக்கும் அறைக்கு அடுத்தாற்போல், இருவர் மட்டுமே படுக்கத்தக்க சிற்றறை ஒன்று இருக்கும். புதுமணத் தம்பதியர்க்கு அது கிடைத்தால் கொண்டாட்டம். குழந்தைகுட்டிகளோடும், ஊறுகாய் ஜாடியோடும், வயது முதிர்ந்த தாயாரோடும் தில்லியிலிருந்து சென்னைக்குப் புறப்படும் குடும்பத்தார்க்கு அது கிடைத்தால் திண்டாட்டம்.

மோட்டார் உலகிலும் அச்சொல் அதே குணத்தோடுதான் வழங்குகிறது. பிரெஞ்சு மொழியில் அதற்கு 'வெட்டப்பட்டது' என்று பொருள். எதிரெதிரே இரு வரிசை இருக்கைகள் கொண்ட குதிரை வண்டியில் ஒரு வரிசையை வெட்டி நீக்கிச் சிறிதாக்கிய வண்டிக்கு முதலில் அப்பெயர் வந்தது. பின்னர் மோட்டார் வண்டிக்கும் தாவியது. இரண்டே கதவுகள், பின்புறம் சரிந்து இறங்கும் கூரை, முன்னே இருவர்க்கு வசதியான இருக்கை, பின்னே பெயரளவிற்கு ஓர் இருக்கை: இதுவே கூப்பேயின் இலக்கணம்.

நம் நாட்டுக் குடும்பங்கள் இரண்டு கதவு வண்டியை என்றுமே மனமுவந்து ஏற்றதில்லை. சென்னைக்கு அருகில் 1961ஆம் ஆண்டு முதல் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு வண்டியை மூத்த அன்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இத்தாலியச் சிற்பி மிக்கெலாட்டி வரைந்த அழகிய வடிவம். முன்மூடி முழுவதும் முன்னோக்கிச் சாய்ந்து திறக்கும். இங்கிலாந்தில் 1959இல் அது வெளிவந்தபோது கூப்பே வடிவிலும் விற்றது. இங்கே வந்தது இரு கதவு கொண்ட சாதாரண வடிவம். அதற்கும் பின்னாளில் நான்கு கதவுகள் வைக்க வேண்டியதாயிற்று. அம்பாசடரும் பியட்டும் வீதியை ஆண்ட நாட்டில், பின்கதவு இல்லாத வண்டியில் மாமியார் எப்படி ஏறுவார் என்ற வினாவிற்கு எவரும் விடை கூறியதில்லை.

அவ்வினாவே சென்ற சில மாதங்களாக என் நண்பர் ஒருவர் வீட்டிலும் நின்றுகொண்டிருந்தது. அவர் மயூர் விஹாரில் வசிப்பவர். மத்திய அரசு அலுவலகத்தில் பணி. ஓய்வு பெற இன்னும் ஓராண்டு. அவருடைய மகன் குருகிராமத்தில் கணிப்பொறித் துறையில் இருக்கிறான். 2025 அக்டோபரில் அவன் கரோல் பாக் பகுதியில், ஐரோப்பிய நிறுவனம் ஒன்றின் கூப்பே வண்டி ஒன்றை 6,40,000 ரூபாய்க்கு வாங்கி வந்தான். 2012 மே மாதம் பதிவான பெட்ரோல் வண்டி அது. புதிதாக வந்தபோது அரைக் கோடிக்குச் சற்றே குறைந்த விலை. வீட்டில் இருந்த சிறிய நான்கு கதவு வண்டியை 2,10,000 ரூபாய்க்குக் கொடுத்துவிட்டு, மீதியைத் தன் சேமிப்பிலிருந்து எடுத்தான். தகப்பனாரைக் கேட்கவில்லை. குடியிருப்பில் வண்டி நிறுத்த ஒரே இடந்தான் உண்டு. ஆதலால் இரண்டையும் வைத்துக்கொள்ள வழியில்லை என்பது அவன் வாதம்.

அரைக் கோடி வண்டி ஆறரை இலட்சத்திற்கு எப்படி வந்தது என்று வாசகர்கள் கேட்கலாம். மூன்று காரணங்கள் உண்டு. முதலாவது, முதல் விலையில் பெரும்பங்கு சுங்கவரி. முழுதாக இறக்குமதியாகும் உயர்விலை வண்டிகளுக்கு 2013 வரவு செலவுத் திட்டம் அடிப்படை வரியை நூற்றுக்கு 75லிருந்து 100 ஆக்கிற்று. அதற்கு முன்பும் வரி இலேசானதன்று. வண்டியை விற்கும்போது அவ்வரி திரும்பி வராது. இரண்டாவது, இருவர் மட்டும் செல்லும் வண்டியைப் பழையதாக வாங்க முன்வருவோர் மிகச் சிலர். மூன்றாவது காரணமே தில்லிக்கு உரியது. அதனைச் சற்று விரித்துரைக்க வேண்டும்.

பதினைந்து ஆண்டு கடந்த வண்டிகள் தில்லியில் ஓடலாகாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014 நவம்பரில் ஆணையிட்டது. டீசல் வண்டிக்குப் பத்தே ஆண்டு என்று 2015 ஏப்ரலில் மற்றோர் ஆணை வந்தது. 2018 அக்டோபர் 29 அன்று உச்ச நீதிமன்றமும் இவ்வரம்புகளை உறுதி செய்தது. நொய்டா, காசியாபாத், குருகிராமம், பரீதாபாத் முதலிய சுற்றூர்களும் இதில் அடங்கும். 2025 ஜூலை முதல் நாளிலிருந்து வயதான வண்டிகளுக்குத் தில்லியில் பெட்ரோலே கொடுக்கலாகாது என்று தடை தொடங்கிற்று. பம்புகளில் எண்பலகையைப் படிக்கும் காமிராக்களும் வைத்தார்கள். சில நாளிலேயே கூச்சல் எழுந்து அத்திட்டம் நின்றது. ஆகஸ்டு 12இல் உச்ச நீதிமன்றம், வயதை மட்டும் காரணமாகக் கொண்டு உரிமையாளர்மீது கடும் நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்றது. டிசம்பரில் அக்காப்பு பாரத் நான்காம் நிலைக்கும் அதற்கு மேற்பட்ட நிலைக்கும் உரிய வண்டிகளுக்கு மட்டுமே என்று சுருக்கியது. தலைநகரில் நான்காம் நிலை 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. ஆகவே நம் இளைஞனின் 2012 வண்டி அந்தக் குடையின் கீழ் நிற்கிறது. ஆயினும் அவை இடைக்கால ஆணைகள். அவற்றை நம்பி ஆறரை இலட்சத்தை வைப்பது, பிறர் வீட்டுத் தாழ்வாரத்தில் மழைக்கு ஒதுங்குவது போன்றதே.

இந்த அச்சத்தினாலேயே 2025 கோடையில் தில்லி எண் கொண்ட பழைய வண்டிகளின் விலை சரிந்தது. அச்சத்தில் விற்பவனிடம் துணிந்து வாங்குவது ஒருவகை வாணிகம், அதில் குற்றமில்லை. ஆனால் வாங்குவோர் ஓர் உண்மையை மனத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். வண்டியின் விலை ஆண்டுதோறும் இறங்குகிறது. அதன் உதிரி உறுப்பின் விலை இறங்குவதில்லை. ஆறரை இலட்ச ரூபாய் வண்டியின் கியர் பெட்டி, அரைக் கோடி ரூபாய் வண்டியின் கியர் பெட்டிதான்.

நல்ல வேளையாக, அவ்விளைஞன் கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை. அவன் செய்த சோதனைகள் பிறர்க்கும் பயன்படுமாதலால் இங்கே தருகிறேன். விடியற்காலையில், இயந்திரம் குளிர்ந்திருக்கும்போது சென்று தன் எதிரிலேயே இயக்கச் சொன்னான். தரகர்கள் நாம் வருமுன் ஒருமுறை ஓட்டிச் சூடேற்றி வைப்பார்கள். சூடான இயந்திரம் தன் இருமலை மறைத்துக்கொள்ளும். பாதுகாப்புப் பட்டையைக் கடைசி அங்குலம் வரை இழுத்துப் பார்த்தான். வெள்ளத்தில் மூழ்கிய வண்டியை எத்துணை கழுவினாலும், சுருண்டிருக்கும் பட்டையின் அடிப்பகுதியில் சேற்றுக் கோடு நிற்கும். இருக்கை நகரும் தண்டவாளத்தில் துரு உண்டா என்று விளக்கடித்துப் பார்த்தான். மிண்டோ பாலத்தின் அடியில் மழைக்காலந்தோறும் நீர் தேங்குவதைக் கண்ட தில்லிவாசிகளுக்கு இதன் தேவையை விளக்க வேண்டுவதில்லை; கூப்பே வண்டிகளோ தரையோடு தரையாகத் தாழ்ந்தவை.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் பொறித்திருக்கும்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் இருபத்து மூன்றாம் வாரம் என்று பொருள். அவ்வண்டியின் டயர்கள் ஆறாண்டு முதிர்ந்தவை என்று அதனால் தெரிந்தது. எல்லாக் கண்ணாடிகளிலும் உள்ள ஆண்டுக் குறிகள் ஒத்திருக்கின்றனவா என்றும் பார்த்தான். ஒன்று மட்டும் பிந்தியதாயின் அப்பக்கம் அடிபட்டிருக்கக் கூடும். பின்பு தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கொண்டு, வண்டியின் கணிப்பொறியில் கருவியைப் பொருத்திப் பழைய பிழைக் குறிப்புகளைப் படித்தான். அழித்துவிட்ட குறிப்புகள் அதில் தெரியமாட்டா என்பதையும் அந்த மெக்கானிக்கே சொன்னார். நேர்மையான மனிதர்.

கூப்பேக்கே உரிய சில நோய்களும் உண்டு. அதன் கதவு நான்கு கதவு வண்டியின் கதவைவிட நீளமும் கனமும் மிகுந்தது. ஆண்டுகள் செல்லச் செல்லக் கீல் தொய்ந்து, சாத்தும்போது சற்றே தூக்கிவிட வேண்டியிருக்கும். பல கூப்பேக்களில் சன்னலுக்குச் சட்டம் இல்லை. கைப்பிடியைத் தொட்டதும் கண்ணாடி அரை விரல் அளவு தானே இறங்கி, கதவு சாத்தியபின் ஏறி, ரப்பரில் பொருந்தும். பாட்டரி தளர்ந்தால் இந்த விந்தை நின்றுபோகும். தில்லி வெயிலில் ரப்பர் வெடித்தால் மழைநீர் மடியில் விழும். இரட்டைக் கிளச் கொண்ட தானியங்கிக் கியர் பெட்டி இருப்பின், போக்குவரத்து நெரிசலில் அரை மணி நேரம் ஊர்ந்து பார்க்காமல் வாங்கலாகாது. வெட்டவெளிச் சாலையில் அது தேனாக ஓடும். நெரிசலில்தான் அதன் நடுக்கம் வெளிப்படும்.

இனிப் பத்திரங்கள். நம்மவர் பலர் இயந்திரத்தை ஆராய்வதில் காட்டும் கவனத்தை இதில் காட்டுவதில்லை. வண்டியை வாங்கியவர் முப்பது நாட்களுக்குள் தம் பெயருக்குப் பதிவை மாற்ற விண்ணப்பிக்க வேண்டும் என்று மோட்டார் வண்டிச் சட்டத்தின் 50ஆம் பிரிவு கூறுகிறது. விற்றவரும் பதினான்கு நாட்களுக்குள் அறிவித்தல் வேண்டும். 29, 30 எண்ணுள்ள படிவங்கள் இதற்குரியவை. கடன் இருந்து தீர்ந்திருந்தால் 35ஆம் படிவம். இதைச் சோம்பலால் விட்டுவிடுவோர் 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் நவீன் குமார் வழக்கில் கூறியதை அறிய வேண்டும். வண்டி கைமாறிக் கைமாறி எங்கோ சென்று விபத்து நேர்ந்தது. பதிவேட்டில் இருந்த பெயரோ முதல் உரிமையாளருடையது. இழப்பீட்டுப் பொறுப்பு அவர் தலையிலேயே விழுந்தது. விற்பவர்க்கே இத்தனை ஆபத்து இருக்கையில், நம் நண்பர் மகன் கொடுத்துவிட்ட பழைய சிறு வண்டியின் பதிவு மாறிற்றா என்று நான் கேட்டேன். மாறவில்லை. 2023 ஏப்ரல் முதல், பதிவு பெற்ற பழைய வண்டி வணிகர்க்கு விற்றால் 29சி படிவத்தின் வழியே பொறுப்பை அவரிடம் ஒப்படைக்கலாம். அதை மறுநாளே செய்து முடித்தார்கள்.

காப்பீடும் அப்படித்தான். பிறர்க்கு நேரும் சேதத்திற்கான காப்பு வண்டியோடு தானே வந்துவிடும். ஆனால் பதினான்கு நாட்களுக்குள் கம்பெனிக்கு எழுதிப் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டும். விபத்தின்றி ஓட்டியதற்காகக் கிடைக்கும் தள்ளுபடி வண்டிக்கு உரியதன்று, மனிதர்க்கு உரியது. விற்றவர் தம் தள்ளுபடியைத் தம்மோடு எடுத்துச் செல்வார். வாங்கியவர் தம் பழைய வண்டியில் ஈட்டியதைப் புதியதற்குக் கொண்டுவரலாம்.

வாங்கிய கதை இவ்வளவு. வைத்திருக்கும் கதை நான்கு மாதத்தில் தெரிந்துவிட்டது. நான்கு டயர்கள் 58,000, கியர் பெட்டி எண்ணெயும் வடிகட்டியும் 22,000, டைமிங் பெல்ட்டும் நீர் இறைப்பானும் 41,000, பாட்டரி 14,000, அடித்தாங்கிகளின் ரப்பர்கள் 36,000, காப்பீடு 27,000. ஆக 1,98,000 ரூபாய். இவற்றில் எதுவும் ஏமாற்றன்று. பதின்மூன்று ஆண்டு வண்டிக்கு நியாயமாக வரவேண்டிய செலவுகள். காஷ்மீரி கேட்டிலும் மாயாபுரியிலும் அலைந்து திரிந்ததால் இவ்வளவோடு முடிந்தது.

பிப்ரவரி மாதத்து ஞாயிறு ஒன்றில் நண்பர் என்னை அழைத்தார். "வைத்துக்கொள்வதா, விற்பதா என்று நீங்களே சொல்லுங்கள், சார். நான் சொன்னால் சண்டையாகிறது" என்றார். வீட்டில் அவருடைய தாயார் இருக்கிறார், வயது எண்பத்தொன்று, இரண்டு முழங்காலிலும் வலி. மாதம் இருமுறை மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். பழைய சிறு வண்டியில் பின்கதவைத் திறந்து உட்கார்ந்துவிடுவார். இந்த வண்டியிலோ பின்னிருக்கை அவர்க்கு இல்லை. முன்னிருக்கை நம் முழங்காலுக்கும் தாழ்ந்தது. என் எதிரிலேயே ஒரு சோதனை நடந்தது. ஏறுவது எப்படியோ நடந்துவிட்டது. இறங்க இருவர் கைகொடுக்க வேண்டியதாயிற்று. பக்கத்து வண்டி நெருங்கி நின்றதால் அந்த நீண்ட கதவு பாதிதான் திறந்தது. "பார்த்தது போதும், என்னை உள்ளே கொண்டு விடுங்கள்" என்றார் மூதாட்டியார். கோபமில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பேரன் முகந்தான் சிறுத்துப்போயிற்று.

பிறகு தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். தகப்பனார் 6,40,000ஐயும் 1,98,000ஐயும் கூட்டி எட்டு இலட்சத்து முப்பத்தெண்ணாயிரம் என்று பெருமூச்சு விட்டார். நான் அத்தொகையை அடித்துவிடச் சொன்னேன். போன பணம் போனதுதான். வைத்திருந்தாலும் விற்றாலும் அது திரும்பாது. இன்று அவ்வண்டிக்கு வணிகர்கள் சொல்லும் விலை 4,75,000. இங்கிருந்துதான் கணக்குத் தொடங்க வேண்டும்.

2027 மே வரை, அஃதாவது பதிவின் பதினைந்து ஆண்டு முடியும்வரை, பதினைந்து மாதம் வைத்திருப்பதாகக் கொள்வோம். அப்போது விலை மூன்று இலட்சமாக இறங்கியிருக்கும் என்று மதித்தோம். இழப்பு 1,75,000. காப்பீடு 27,000. பராமரிப்பு 60,000. பாட்டியார்க்கு டாக்சி, மாதம் இருமுறை, முறைக்கு 900 வீதம் 27,000. மொத்தம் 2,89,000, மாதத்திற்கு ஏறத்தாழ 19,300 ரூபாய். விற்றுவிட்டு மூன்றரை இலட்சத்தில் ஒரு பழைய நான்கு கதவு வண்டி வாங்கினால், அதே காலத்தில் விலையிறக்கம், காப்பீடு, பராமரிப்பு எல்லாம் சேர்ந்து 97,000, மாதத்திற்கு 6,500. வித்தியாசம் 12,800 ரூபாய். கூப்பே ஓட்டும் இன்பத்தின் மாத வாடகை அதுதான்.

இந்த எண்ணைக் கண்டதும் பையன் பேசாதிருந்தான். பின்பு, "மாமா, நான் சினிமாவுக்குப் போவதில்லை, ஓட்டலில் சாப்பிடுவதில்லை. ஞாயிறு காலை ஐந்து மணிக்கு யமுனை விரைவுச்சாலையில் ஒரு மணி நேரம் ஓட்டுகிறேன். வாரம் முழுவதும் அதை எண்ணிக்கொண்டே வேலை செய்கிறேன்" என்றான். தகப்பனார் உடனே, வீடு வாங்குவதற்கு முன்பணம் சேர்ப்பதாகச் சொன்னது என்ன ஆயிற்று என்று கேட்டார். இரண்டும் உண்மையான பேச்சுகளே.

ஓய்வு பெற்றுக் கும்பகோணம் திரும்பும்போது வண்டியைத் தமிழ்நாட்டிற்குக் கொண்டுபோகலாமே என்றும் ஒரு யோசனை வந்தது. வழி உண்டு. தில்லிப் பதிவு அலுவலகத்தில் 28ஆம் படிவத்தில் தடையின்மைச் சான்று பெற வேண்டும். வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்திற்கு மேல் வைத்திருக்கும் வண்டிக்கு அம்மாநிலத்தில் புதுப்பதிவு கட்டாயம்; அங்கே சாலை வரியும் கட்ட வேண்டும். பதினைந்து ஆண்டு கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்க 2022 ஏப்ரலுக்கு முன் 600 ரூபாய், அதன்பின் 5,000. இறக்குமதி வண்டியாயின் 40,000. இத்தனையும் செய்து கொண்டுபோனால், அங்கே அதன் இயந்திரத்தைத் தெரிந்த மெக்கானிக் எத்தனை கல் தொலைவில் இருப்பார்? கும்பகோணத்து வேகத்தடைகளை எண்ணிப் பார்த்து நண்பரே அந்த யோசனையைக் கைவிட்டார்.

என் கருத்தை ஒளிக்காமல் சொன்னேன். வீட்டில் மற்றொரு வண்டி இருந்தால் வைத்துக்கொள்ளலாம். ஒரே வண்டி கூப்பேயாக இருப்பது அக்குடும்பத்திற்குப் பொருந்தாது. ஆதலால் விற்றுவிடலாம் என்றேன். அவர்கள் அவ்வாறு தீர்மானிக்கவில்லை. 2026 அக்டோபரில் காப்பீடு முடியும்வரை வைத்திருப்பது என்றும், இடையில் எந்த ஒரு பழுதேனும் 75,000 ரூபாய்க்கு மேற்பட்டால் அதைச் செப்பனிடாமல் இருந்தபடியே விற்பது என்றும், மாதந்தோறும் சம்பளம் வந்த அன்றே 15,000 ரூபாய் வீட்டு முன்பணக் கணக்கில் போட்டபின்பே பெட்ரோல் போடுவது என்றும் முடிவாயிற்று. மூன்றையும் பையனே தன் கையால் எழுதிக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டினான்.

தகப்பனார் நான்காவதாக ஒன்றைச் சேர்த்தார். பாட்டிக்கு டாக்சி அமர்த்துவதும், உடன் செல்வதும், காத்திருந்து அழைத்து வருவதும் இனிப் பேரன் பொறுப்பு. அவன் இசைந்தான். அடுத்த புதன்கிழமை டாக்சி பத்து நிமிடம் தாமதமாக வந்தது. மூதாட்டியார் பின்கதவு வழியே ஏறி, காலை நீட்டிக்கொண்டு, பேரனை முன்னால் உட்காரச் சொன்னார்.